ஊற்றை அடைத்தது யார்?

விளம்பரக் கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டிய ஓர் ஆங்கிலேயர், மழையும் வேண்டாம், மீட்டிங்கும் வேண்டாம் என்று மனைவியையும் நாய்களையும் அழைத்துக்கொண்டு தெற்கு பிரான்ஸுக்குக் குடிபோனார். லூபரோன் மலையடிவாரத்தில், மேனெர்ப் என்ற ஊருக்குப் பக்கத்தில், 200 வருஷப் பழைய கல் வீடு. நாவல் எழுதுவதாக ஏற்பாடு. எங்கே எழுதுவது? குழாய் ரிப்பேர்காரர், கொத்தனார், பக்கத்து நிலத்து விவசாயி என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். நாவல் நகரவில்லை. சரி, இந்த ஆசாமிகளைப் பற்றியே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். 1989-ல் புத்தகமாக வந்தது. பெயர், ‘எ இயர் இன் புரோவான்ஸ்’. எழுதியவர் பீட்டர் மேல்.

சும்மா சொல்லக் கூடாது, ஜாலியான புத்தகம். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஓர் அத்தியாயம். வருஷப் பிறப்பன்று ஒரு மத்தியானச் சாப்பாட்டில் கதை தொடங்கும். அடுத்த சில பக்கங்களிலேயே மிஸ்த்ரால் காற்று வரும். அது சாதாரணக் காற்று இல்லை. ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி, ஆளையும் ஓட்டையும் ஒன்றாகத் தூக்குகிற குளிர் அரக்கன். குழாய்களெல்லாம் உறைந்து வெடிக்கும். குழாய் ரிப்பேர்காரர் வந்து, குழாயைப் பார்ப்பதற்கு முன்னால் காற்றைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் ஒரு பிரசங்கம் செய்வார்.

தோட்டத்துக்கென்று ஒரு கல் மேஜை செய்து வரும். அதை அசைக்கவே ஒரு கோஷ்டி ஆள் வேண்டும். ட்ரஃபிள் என்கிற, மண்ணுக்கடியில் விளையும் காளான் வியாபாரம் ரகசியக் குரலில் நடக்கும். ரொக்கம் மட்டும், பில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகஸ்ட்டில் விருந்தாளிகள் படையெடுப்பார்கள். கடைசியில், வருஷம் முழுக்க இழுத்தடித்த கட்டட வேலையை முடிக்க மேலின் மனைவி ஒரு தந்திரம் செய்வார். வேலை முடிந்ததைக் கொண்டாட எல்லாத் தொழிலாளிகளையும் ஜோடியாக விருந்துக்குக் கூப்பிட்டுவிடுவார். தன் வேலை மட்டும் பாக்கி என்று மற்றவர் மனைவிகள் முன்னால் நிற்க யாருக்கு மனசு வரும்? மளமளவென்று எல்லாம் முடிந்துவிடும்.

படித்து முடித்ததும் நமக்கும் ஒரு கல் வீடு, ஒரு கல் மேஜை, நிழலுக்கு ஒரு மரம் வேண்டும்போல இருக்கும். பல லட்சம் பேருக்கு அப்படித்தான் இருந்தது. உலகம் முழுக்க விற்றது. 1993-ல் பி.பி.சி. தொடராக எடுத்தது. மேல் வரிசையாக எழுதினார். 2004-ல் அவர் எழுதிய ‘எ குட் இயர்’ நாவலை 2006-ல் ரிட்லி ஸ்காட் படமாக்கினார். திராட்சைத் தோட்டம் அங்கிள் சொத்தாக வந்து சேருகிற லண்டன் பங்குச் சந்தைக்காரராக ரஸ்ஸல் குரோ. பிரெஞ்சு அரசு 2002-ல் மேலுக்கு லெஜியன் ஆஃப் ஹானர் கொடுத்தது. தலைகீழ் வேடிக்கையும் நடந்தது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மனிதர் சில வருஷம் அமெரிக்காவின் லாங் ஐலண்டுக்கே போய்விட்டார். பிறகு திரும்பிவந்து, அதே லூபரோனின் தெற்குப் பக்கம் குடியிருந்து, 2018-ல் காலமானார்.

‘இந்த ஆள்தான் எங்கள் ஊரைக் கெடுத்தார்’ என்று அந்தப் பக்கம் நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். இதை அப்படியே ஏற்க முடியாது. ஒரு புத்தகத்துக்கு அத்தனை சக்தி இருக்குமானால் எழுத்தாளர்கள் எல்லோரும் எம்.எல்.ஏ. ஆகியிருப்பார்கள். மேல் போவதற்கு முன்பே பாரிஸ் பணக்காரர்களும் ஓவியர்களும் அங்கே வீடு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். லூபரோன் 1977-லேயே பிராந்திய இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ‘பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்’ என்ற சங்கம் 1982-ல் தொடங்கியது. 2001-ல் அதிவேக ரயில்பாதை வந்தது. பாரிஸில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் அவிஞ்ஞோன். ரயில் செய்த வேலைக்கெல்லாம் புத்தகத்தின் மேல் கேஸ் போடக் கூடாது.

என் புகார் வேறு. அது கணக்குப் புகார்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவார்கள்: ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயாவது ஒரு பற்று உண்டு. மேலின் புத்தகத்தில் வரவுப் பக்கம் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வெயில் வரவு. விருந்து வரவு. ஒயின் வரவு. சிரிப்பு வரவு. பற்றுப் பக்கத்தைத் திருப்பினால் வெள்ளைத்தாள்.

ஓர் உதாரணம். மேல் வாங்கிய வீட்டோடு கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் வருகிறது. அதைப் பாடுபட்டுப் பார்த்துக்கொள்பவர் ஃபோஸ்தான் என்கிற விவசாயி. புதுக் கொடி வாங்க நிலத்துக்காரர் பணம் போடவேண்டும். நடுவது, கிளை நறுக்குவது, மருந்தடிப்பது, அறுப்பதெல்லாம் ஃபோஸ்தான். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு மேலுக்கு. நாம் வாரம் என்கிறோமே, அதே ஏற்பாடு. இதை மேல் மறைக்கவில்லை, எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இரண்டு பங்கு எவ்வளவு பணம், ஒரு குடும்பத்துக்கு அது போதுமா, போதாவிட்டால் என்ன செய்கிறார்கள் என்ற பேச்சு கிடையாது. ஃபோஸ்தான் எப்போதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ‘இந்த வருஷம் போச்சு’ என்று புலம்புவார். புத்தகம் அதை ஒரு தமாஷாக வைத்திருக்கிறது. நாமும் சிரிக்கிறோம். திராட்சை விவசாயி ஏன் எப்போதும் புலம்புகிறார் என்று கேட்டிருந்தால் வேறொரு புத்தகம் கிடைத்திருக்கும்.

அந்த வேறொரு புத்தகத்தை ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார் என்பதுதான் விஷயம்.

மர்ஸெல் பஞ்ஞோல். 1895-ல் மார்செய்க்குப் பக்கத்தில் ஒபாஞ் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார் மகன். நாடகம், சினிமா எல்லாம் செய்து முடித்துவிட்டு, அறுபது தாண்டிய வயதில் பால்யத்தைப் பற்றியும் மலைகளைப் பற்றியும் எழுதினார். ‘ழான் த ஃப்ளோரெத்’ என்ற அவர் நாவலும் அதன் தொடர்ச்சியான ‘மனோன்’ கதையும் 1963-ல் வந்தன. 1986-ல் குளோத் பெர்ரி இரண்டையும் படமாக்கினார். இவ் மோந்தானும் ஜெரார் தெபார்தியூவும் தனியெல் ஓதோயும் நடித்தார்கள். திரைப்பட விழாக்களில் நம் ஊர்க்காரர்கள் பலர் பார்த்த படங்கள்தான்.

கதையைக் கவனியுங்கள். அதே புரோவான்ஸ். அதேபோல ஊரிலிருந்து வந்த புது ஆள். ழான் வரி வசூல் அலுவலராக இருந்தவர், முதுகு கூன். அம்மா வழியில் ஒரு மலைப் பண்ணை கிடைக்கிறது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, முயல் வளர்த்துப் பிழைக்கலாம் என்று புத்தகங்களும் புள்ளிவிவரங்களுமாக வந்து இறங்குகிறார். எத்தனை முயல், எத்தனை குட்டி, எவ்வளவு தீனி, மாதாமாதம் எத்தனை மழை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார். காமர்ஸ் படித்தவனுக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். ஏனென்றால் மழைக் கணக்கு சராசரிக் கணக்கு. சராசரி மழையை நம்பி ஒரு செடியும் வளராது.

பண்ணையில் ஓர் ஊற்று உண்டு. அதைக் கிழவன் சேஸாரும் மருமகன் உகோலானும் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்ட் போட்டு அடைத்துவிடுகிறார்கள். புது ஆள் தோற்று ஓடினால் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, கார்னேஷன் பூ போடலாம் என்று திட்டம். ழான் தூரத்து ஊற்றிலிருந்து கழுதை முதுகிலும் சொந்த முதுகிலும் தண்ணீர் சுமந்து, கோடையோடு மல்லுக்கட்டி, கடைசியில் கிணறு தோண்ட வெடி வைத்து, அந்த வெடியிலேயே சாகிறார்.

பஞ்ஞோலின் பெரிய அடி இதற்கு மேல்தான் விழுகிறது. ஊற்றை அடைத்தவர்கள் இரண்டே பேர். ஆனால் அங்கே ஊற்று இருந்தது என்று ஊரில் பலருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அவன் அம்மா பக்கத்து ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டு போனவள், நமக்கென்ன வந்தது, அடுத்தவன் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம். நல்ல மனிதர்கள்தான். சாயங்காலமானால் சதுக்கத்தில் குண்டு உருட்டி விளையாடுகிற, அனிஸ் மது குடிக்கிற, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற, மேலின் புத்தகத்தில் நாம் பார்த்து ரசித்த அதே மனிதர்கள். கிழவன் சேஸாருக்கு இரண்டாம் பாகத்தின் முடிவில் ஓர் உண்மை தெரியவரும். அதை இங்கே சொல்ல மாட்டேன். படித்தோ பார்த்தோ தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரி தூக்கம் வராது.

மேலின் புரோவான்ஸில் தண்ணீர் நீச்சல்குளத்தில் இருக்கிறது. பஞ்ஞோலின் புரோவான்ஸில் தண்ணீர்தான் கதை. இரண்டு புத்தகங்களின் வித்தியாசமும் இவ்வளவுதான்.

உள்ளூர்க்காரர் உண்மை எழுதினார், வெளியூர்க்காரர் பொய் எழுதினார் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பஞ்ஞோலும் அந்த மலைக்கு லீவுக்கு வந்த டவுன் பையன்தான். மார்செய் பட்டணத்திலிருந்து அப்பா, அம்மாவோடு மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, கோடையைக் கழித்துவிட்டுப் போனவர். சந்தோஷமாக இருந்த இடத்தைப் பற்றி எழுதும்போதும், அங்கே யாருக்குத் தண்ணீர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று அவர் பார்த்தார். மேல் அதே சந்தோஷத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு வெளியூர்க்காரரையும் சாட்சிக்குக் கூப்பிடலாம். லாரன்ஸ் வைலி, அமெரிக்கப் பேராசிரியர். 1950-ல் மனைவி, இரண்டு பையன்களோடு ரூஸ்ஸியோன் கிராமத்தில் ஒரு வருஷம் வாழ்ந்தார். செக்கச் செவேலென்ற காவிமண் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. மேனெர்ப்பிலிருந்து கூப்பிடு தூரம். ஊருக்கு ‘பெய்ரான்’ என்று மாற்றுப்பெயர் வைத்து அவர் எழுதிய ‘வில்லேஜ் இன் த வோக்லூஸ்’ 1957-ல் வெளிவந்தது. வகுப்பறை, குடும்பம், கடன், சண்டை, ஓட்டு, வைத்தியச் செலவு எல்லாம் அதில் உண்டு. சிரிப்பும் நிறைய உண்டு.

நாம் கற்பனை செய்கிற ‘தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் வேரோடிய கிராமம்’ அங்கே இல்லை என்று அந்த மனிதர் கண்டார். ஜனங்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். பழமரம் நட்டால் அது காய்ப்பதற்குள் அடுத்த யுத்தம் வந்துவிடும், எதற்கு வீண் வேலை என்று நினைக்கிற விவசாயியை அங்கே சந்திக்கிறார். சுமார் பத்து வருஷம் கழித்துத் திரும்பிப் போனால், பழத்தோட்டம் வந்திருக்கிறது, டிராக்டர் வந்திருக்கிறது, கடன் வாங்கும் தைரியம் வந்திருக்கிறது. பத்தே வருஷத்தில் ஓர் ஊரின் மனசு மாறிவிட்டது. காலம் உறைந்த கிராமம் என்று டூரிஸ்ட் பிரசுரங்கள் சொல்வது இந்த ஊரைத்தான்.

இதே ரூஸ்ஸியோனில் ஒருவர் உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்தார். சாமுவேல் பெக்கெட். பாரிஸில் நாஜிகளுக்கு எதிரான ரகசியக் குழுவில் இருந்தவர். 1942-ல் குழு காட்டிக்கொடுக்கப்பட்டதும் தப்பி வந்து, யுத்தம் திரும்பும்வரை இங்கே விவசாய வேலை செய்து வயிறு வளர்த்தார். ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தின் பிரெஞ்சு மூலத்தில், ரூஸ்ஸியோனில் திராட்சை பறித்ததைப் பற்றி ஒரு பேச்சு வரும். உலகமே மண்டையை உடைத்துக்கொள்ளும் நாடகத்தில் இந்த ஊர்த் திராட்சை ஒளிந்திருக்கிறது. அழகு பார்க்க வந்த இடமில்லை அவருக்கு, ஒளிய வந்த இடம்.

கற்களுக்கும் இதே கதைதான். லூபரோனில் கோர்த் என்று ஓர் ஊர். மலையில் அடுக்கடுக்காக வீடுகள்; காலண்டர்களின் செல்லப்பிள்ளை. 1944 ஆகஸ்ட்டில் ஜெர்மன் ராணுவம் அதன் ஒரு பகுதியை இடித்துத் தள்ளியது. இன்று நாம் படம் பிடிக்கிற ‘பழமை’யில் ஒரு பங்கு அதற்குப் பிறகு எழுப்பியது. அதே மலைத்தொடரில் மெராந்தோல் இருக்கிறது. 1545-ல் வால்டென்ஸியர்கள் என்கிற சிறுபான்மைக் கிறிஸ்தவர்கள் அங்கே கொன்று குவிக்கப்பட்டார்கள். சுற்றுவட்டார ஊர்கள் பல கொளுத்தப்பட்டன. லகோஸ்த் என்று இன்னொரு ஊர். ஒரு காலத்தில் மார்க்கி த சாத் வாழ்ந்த கோட்டையை 2001-ல் ஃபேஷன் மன்னர் பியேர் கார்தான் வாங்கினார். பிறகு கிராமத்தில் வீடு வீடாக வாங்கிக்கொண்டே போனார். இடிந்தது எழுந்தது உண்மை. இசை விழா வந்ததும் உண்மை. ஊரில் ஒரு சாரார், ‘வீட்டையெல்லாம் வாங்கிவிட்டால் குடியிருப்பது யார்?’ என்று கொதித்ததும் உண்மை.

ரோன் நதியைத் தாண்டி மேற்கே லாங்தோக் பக்கம் போனால் கார்க்கஸோன் கோட்டை. 1997-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை இடித்துவிடலாம் என்றே அரசாங்கம் நினைத்தது. எதிர்ப்பு வந்ததும் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞரிடம் கொடுத்துப் புதுப்பித்தார்கள். அவர் கோபுரங்களுக்கு வடநாட்டு பாணியில் கூம்புத் தொப்பி போட்டுவிட்டார், அது தெற்கத்தி வழக்கமே இல்லை என்று இன்றுவரை சண்டை. எனக்குத் தொப்பி பெரிய விஷயமில்லை. இரண்டு மதில்களுக்கு நடுவே வீடு கட்டி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைக் காலி செய்த பிறகுதான் அந்தச் சுத்தமான புல்வெளி கிடைத்தது. பாரம்பரியச் சின்னம் என்றால் முதலில் காலி செய்யப்படுவது அங்கே குடியிருந்த பாரம்பரியம்தான்.

சரி, திராட்சைக்கு வருவோம். ஃபோஸ்தானின் புலம்பலுக்கு விடை லாங்தோக் மண்ணில்தான் கிடைக்கும்.

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற பேன் போன்ற பூச்சி, ரோன் கரையில் தொடங்கி பிரான்ஸ் முழுக்க திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. மருந்து என்று எதையெதையோ ஊற்றிப் பார்த்தார்கள். கடைசியில் வழி கிடைத்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. ஆக, ‘ஆயிரமாண்டுப் பாரம்பரியம்’ என்று லேபிளில் போட்டு விற்கிற பிரெஞ்சு ஒயினில் பெரும்பங்குக்கு வேர் அமெரிக்கச் சரக்கு. புரோவான்ஸின் புகழ்பெற்ற ரத்தத்தூய் கூட்டு மட்டும் என்ன? தக்காளியும் குடமிளகாயும் அமெரிக்கா கொடுத்தது. கத்தரிக்காய் நம்ம ஆசியப் பக்கத்திலிருந்து அரபிகள் வழியாகப் போனது. பழமை என்பது பெரும்பாலும் நாம் தேதி பார்க்க மறந்த புதுமை.

மறுபடி நட்ட கொடிகள் அமோகமாக விளைந்தன. அளவுக்கு மீறி விளைந்தன. போதாக்குறைக்கு, சர்க்கரையும் தண்ணீரும் கலந்து ஒயின் என்று விற்ற வியாபாரிகள் வேறு. விலை பாதாளத்துக்குப் போனது. 1907 மார்ச் 11-ஆம் தேதி, அர்ஜெலியே கிராமத்தில் காபிக்கடை வைத்திருந்த மார்ஸலான் ஆல்பேர் என்பவர், 87 திராட்சை விவசாயிகளோடு நார்போன் நகருக்குப் புறப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பெருகியது. ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள் என்பது கணக்கு. ஊர் மேயர்கள் கூண்டோடு ராஜினாமா செய்தார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17-ஆம் காலாட்படை, எங்கள் அப்பன் சித்தப்பனைச் சுட மாட்டோம் என்று கலகம் செய்து பெஸியே நகருக்கு நடந்தே வந்துவிட்டது.

பிரதமர் க்ளெமான்ஸோ பழம் தின்று கொட்டை போட்டவர். தன்னைப் பார்க்க பாரிஸ் வந்த மார்ஸலான் ஆல்பேரிடம் பரிவாகப் பேசி, ஊர் திரும்ப ரயில் செலவுக்கு 100 ஃப்ராங்க் கொடுத்து அனுப்பினார். கையோடு அந்தச் செய்தியைப் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். தலைவர் விலை போய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. கதை முடிந்தது. ஐந்து லட்சம் பேர் தூக்கிவைத்த மனிதரை 100 ஃப்ராங்க் கீழே இறக்கிவிட்டது. ஆனால் கூட்டம் வீண் போகவில்லை. அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. எந்த ஊர் ஒயின் என்று பாட்டிலில் உத்தரவாதம் தருகிற முறை 1930-களில் சட்டமானது. ஷாத்தோநெஃப் து பாப் போன்ற ஊர்ப் பெயர்கள் லேபிளில் ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருப்பதற்குப் பின்னால் ஏமாற்றப்பட்ட விவசாயிகளின் கோபம் இருக்கிறது.

அந்த ஷாத்தோநெஃப் மேயர் 1954-ல், எங்கள் திராட்சைத் தோட்டங்களில் பறக்கும் தட்டுகள் இறங்கக் கூடாது என்று உத்தரவே போட்டார். தமாஷ்தான். தோட்டத்தை அவர்கள் எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பதும் அதில் தெரிகிறது.

இன்றைய நிலவரம் தமாஷாக இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தில் வெயில் 46 டிகிரியைத் தொட்டது. கொடியிலேயே திராட்சை வெந்து கருகியது. 2024-ல், கொடியை நிரந்தரமாகப் பிடுங்கிப் போட்டால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ தருகிறோம் என்று அரசாங்கமே திட்டம் கொண்டுவந்தது. இலக்கு, 30,000 ஹெக்டேர் வரை. வேரோடு பிடுங்கியதில் லாங்தோக் பக்கத்துத் தோட்டங்கள் ஏராளம். 2025 ஆகஸ்ட்டில் அதே பக்கத்து கோர்பியேர் மலைகளில் தீப்பிடித்து 16,000 ஹெக்டேர் எரிந்தது. பச்சைத் திராட்சைத் தோட்டம் இருந்த இடத்தில் தீ தயங்கும். பிடுங்கிய நிலத்தில் புதர் மண்டி, தீக்குப் பாலம் போட்டுக் கொடுத்துவிட்டது என்று விவசாயிகள் சொன்னார்கள். நாம் ‘வியூ’ என்று பார்க்கிற திராட்சைத் தோட்டம் அவர்களுக்குத் தீயணைப்பு வண்டி. அதன் சம்பளத்தை ஒயின் விலையில் யாரும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

கடைசியாக ஒரு பற்றுக் கணக்கு. தெற்கு பிரான்ஸின் தோட்டங்களில் பழம் பறிக்க, மொராக்கோவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2011 கோடையில், புரோவான்ஸில் முலாம்பழப் பண்ணை ஒன்றில் வேலை செய்த ஈக்வடார் தொழிலாளி ஒருவர் மயங்கி விழுந்து, உடம்பில் நீர் வற்றி, இறந்துபோனார். ஸ்பெயின் வழியாக இப்படி ஆள் அனுப்பிவந்த ஓர் ஏஜென்சியை 2021-ல் மார்செய் நீதிமன்றம் தொழிலாளர் சட்ட மோசடிக்காகத் தண்டித்தது. பஞ்ஞோல் கதையில் ஒரு மனிதன் தண்ணீர் இல்லாமல் செத்தான் அல்லவா? அந்தக் கதை பழையதாகவில்லை.

அப்படியென்றால் மேலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு ருசியாக எழுத எல்லோராலும் முடியாது. நாலு பேர் கூடி உட்கார்ந்து மூன்று மணி நேரம் சாப்பிடுவது ஒரு நாகரிகம் என்று அவசரக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம் அது. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் குணமும் அவருக்கு உண்டு. ஆனால் அடிப்படையில் மனிதர் விளம்பரக்காரர். விளம்பரத்தில் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை; பாதியைச் சொன்னால் போதும். அவர் சொன்ன பாதி நிஜம்தான். அதனால்தான் இத்தனை பேர் நம்பினார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். அவருக்குப் பிறகு ‘வெயில் ஊரில் பழைய வீடு வாங்கிய கதை’ என்று ஒரு புத்தக ஜாதியே உருவாகிவிட்டது. இத்தாலியில் வீடு, ஸ்பெயினில் வீடு, கிரீஸில் வீடு. எல்லாவற்றிலும் சிரித்த முகத்தோடு ஒரு கொத்தனார் தாமதமாக வருவார். அந்தக் கொத்தனார் பக்கத்திலிருந்து, ‘வெளிநாட்டுக்காரர் வந்து வீட்டு விலையை ஏற்றியதில் என் மகனுக்கு இந்த ஊரில் வீடு வாங்க முடியவில்லை’ என்று ஒரு புத்தகம் வந்தால், முதல் பிரதி எனக்கு வேண்டும்.

அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு உங்களுக்கு வந்தால் சந்தோஷமாகப் போய் வாருங்கள். முடிந்தால் ஜூலை, ஆகஸ்ட்டில் வேண்டாம், நவம்பரில் போங்கள். எத்தனை ஜன்னல் சாத்திக் கிடக்கிறது, ரொட்டிக்கடை திறந்திருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைச் சத்தம் கேட்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கூட்டுறவு ஒயின் சாலை வாசலில் நிற்கிறவரிடம் இந்த வருஷம் திராட்சைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கோட்டை கட்டிய தேதியைச் சொல்கிற கைடிடம், அது புதுப்பித்த தேதியையும் கேட்டு வையுங்கள். பெட்டியில் மேல் புத்தகம் இருக்கட்டும். கூடவே பஞ்ஞோலும் இருக்கட்டும்.

ஃபோஸ்தானுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதினார் பீட்டர் மேல். அது எத்தனை ஃப்ராங்க் என்று இன்னும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், புத்தகத்தின் சிரிப்பு ஒன்றும் குறைந்திருக்காது. ஃபோஸ்தானும் நமக்கு நிஜ மனிதராகத் தெரிந்திருப்பார்.